வடகடலில் இடித்துக்கொண்ட பசிபிக் கப்பல்கள்

1916 ஏப்ரல் 22. டென்மார்க் கரைக்கு அப்பால், வடகடலில் கனத்த மூடுபனி. பிரிட்டனின் பேட்டில் குரூஸர் அணி வரிசை பிடித்துப் போய்க்கொண்டிருக்கிறது. ஜெர்மன் நீர்மூழ்கிக்குப் பயந்து வளைந்து வளைந்து ஓட்ட வேண்டிய கட்டாயம். பக்கத்தில் வருகிற கப்பலோ கண்ணுக்குத் தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து சட்டென்று ஓர் இரும்புச் சுவர் எதிரே வந்தது. இரண்டு கப்பல்கள் இடித்துக்கொண்டன. சுதாரிப்பதற்குள் இன்னொரு முறையும் இடித்துக்கொண்டன. ஒன்றின் பெயர் ‘ஆஸ்திரேலியா’. மற்றதன் பெயர் ‘நியூசிலாந்து’.

பெயர்ப் பொருத்தம் இருக்கட்டும். இந்த இரண்டும் அன்று அந்த இடத்தில் இருந்திருக்கவே கூடாது என்பதுதான் விஷயம். ஏழு வருடங்களுக்கு முன் லண்டனில் பேசி முடித்த ஏற்பாட்டின்படி, ஒன்று சிட்னியையும் மற்றொன்று ஹாங்காங்கையும் தளமாகக் கொண்டு நின்றிருக்க வேண்டும். பசிபிக் கடலும் இந்துமாக் கடலும் இவற்றின் காவலில் இருந்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் நாடுகள் ஆளுக்கொரு பங்கு போட்டு நடத்தும் ஒரு பொதுக் கடற்படை அப்போது காகிதத்தில் தயாராக இருந்தது. அது மட்டும் கடலில் இறங்கியிருந்தால் சென்னைப் பட்டணத்தில் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்திருக்குமா? ஜப்பானுக்குப் பசிபிக் தீவுகள் கிடைத்திருக்குமா? ‘நடந்திருந்தால்’ தொடரில் இந்த வாரம் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

1909 மார்ச்சில் லண்டனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஜெர்மனி ரகசியமாக ட்ரெட்நாட் என்ற பெரும் போர்க்கப்பல்களைக் கட்டித் தள்ளுகிறது, இன்னும் மூன்று வருடத்தில் நம்மைப் பிடித்துவிடும் என்று கடற்படை அமைச்சர் மெக்கென்னா நாடாளுமன்றத்தில் சொல்லப்போக, பத்திரிகைகள் பற்றிக்கொண்டன. நான்கு கப்பல் கட்டினால் போதும் என்று அரசில் ஒரு பிரிவு சொன்னது, எட்டு வேண்டும் என்று தெருவில் கோஷம் எழுந்தது. அந்தச் சத்தம் உலகத்தின் மறுகோடியில் இருந்த வெலிங்டனுக்கும் கேட்டது. நியூசிலாந்துப் பிரதமர் ஜோசப் வார்ட் ஒரு வாரத்துக்குள் தந்தி அடித்தார்: ஒரு போர்க்கப்பலுக்கான பணத்தை நாங்கள் தருகிறோம், தேவைப்பட்டால் இரண்டு. அப்போது அந்த நாட்டின் மொத்த ஜனத்தொகை சுமார் பத்து லட்சம். கப்பலின் விலை சுமார் 17 லட்சம் பவுண்டு. கடன் வாங்கித்தான் கொடுத்தார்கள், அதை அடைக்க இன்னொரு தலைமுறை ஆயிற்று. கொஞ்ச நாள் யோசித்துவிட்டு ஆஸ்திரேலியாவும் ஒரு கப்பல் தருவதாகச் சொன்னது.

பணம் வருகிறது என்றதும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளாமல், அதை வைத்துப் பெரிதாக ஏதாவது செய்யலாம் என்று நினைத்தவர் கடற்படைத் தலைமைத் தளபதி ஜாக்கி ஃபிஷர். முரட்டு மனிதர், ட்ரெட்நாட்டைப் பெற்றவர். 1909 ஜூலை கடைசியில் லண்டனில் டொமினியன்கள் என்ற சுயாட்சி நாடுகளின் பாதுகாப்பு மாநாடு கூடியபோது அட்மிரால்டி, அதாவது பிரிட்டனின் கடற்படைத் தலைமையகம், ஒரு திட்டத்தை மேசையில் வைத்தது. ஒவ்வொரு நாடும் ஓர் ‘அணி’ வைத்துக்கொள்ளட்டும். ஓர் அணி என்றால் பேட்டில் குரூஸர் ஒன்று, வேகமான சிறிய குரூஸர்கள் மூன்று, டெஸ்ட்ராயர்கள் ஆறு, நீர்மூழ்கிகள் மூன்று. கட்டுவதற்கு ஏறத்தாழ 37 லட்சம் பவுண்டு. ஆஸ்திரேலியாவுக்கு ஓர் அணி. சீனக் கடலுக்கு ஓர் அணி. அதன் தலைமைக் கப்பல் நியூசிலாந்து தருவது. கிழக்கிந்தியக் கடலுக்கு, அதாவது நம் பக்கத்துக்கு, பிரிட்டனே ஓர் அணி வைக்கும். கனடா விரும்பினால் பசிபிக் கரையில் நான்காவது. சமாதான காலத்தில் அவரவர் வீட்டுக் காவல், போர் வந்தால் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரே பசிபிக் கடற்படை.

காகிதத்தில் இதைக் குறை சொல்ல முடியாது. ஃபிஷரின் கெட்டிக்காரத்தனம் எங்கே இருக்கிறது என்றால், தனித்தனியாகப் பார்த்தாலும் ஓர் அணி முழுமையானது. சின்ன நாடு ஒன்று பெரிய கப்பல் வாங்கித் துறைமுகத்தில் கட்டிப்போட்டு வேடிக்கை பார்க்கிற கதை இல்லை. மாலுமிக்கு அந்த அணிக்குள்ளேயே வேலை உண்டு, பயிற்சி உண்டு, பதவி உயர்வு உண்டு. வேவு பார்க்கக் குரூஸர், துரத்தி அடிக்கப் பேட்டில் குரூஸர், கரை காக்க நீர்மூழ்கி.

ஆனால் பங்காளிகள் சேர்ந்து வெட்டிய கிணற்றில் முதல் கோடையிலேயே முறைத் தகராறு வரும் என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். இங்கே கோடை வரும் வரைகூடத் தாக்குப் பிடிக்கவில்லை.

சொன்னபடி செய்தது ஆஸ்திரேலியா ஒன்றுதான். கிளைட் ஆற்றங்கரையில் ஜான் பிரவுன் தளத்தில் பேட்டில் குரூஸரைக் கட்டி வாங்கி, 1913 அக்டோபர் 4 அன்று சிட்னி துறைமுகத்துக்குள் அணியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முன்னால் ‘ஆஸ்திரேலியா’, பின்னால் ‘மெல்போர்ன்’, ‘சிட்னி’ முதலான குரூஸர்கள், டெஸ்ட்ராயர்கள். கரையெங்கும் கூட்டம். ‘சிட்னி’யை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சீக்கிரமே நம் கதைக்கு வருகிறது.

நியூசிலாந்தின் கப்பலும் அதே வருடம் தன் நாட்டைப் பார்க்கப் போனது. பார்க்க வந்தவர்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர். நாட்டில் பாதி என்று சொல்லலாம். மாவோரித் தலைவர் ஒருவர் கேப்டன் ஹால்ஸிக்கு நார்ப்பாவாடை ஒன்றையும் பச்சைக்கல் பதக்கம் ஒன்றையும் கொடுத்து, சண்டை வந்தால் இதைக் கட்டிக்கொள், கப்பலுக்கு ஒன்றும் ஆகாது என்றார். ஹால்ஸி கட்டிக்கொண்டார். வடகடலில் நடந்த சண்டைகளில் சீருடைக்கு மேல் நார்ப்பாவாடையோடு ஒரு பிரிட்டிஷ் கேப்டன் கட்டளை கொடுத்துக்கொண்டிருந்த காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். அவருக்குப் பின் வந்த கேப்டனுக்கு இடுப்பளவு ஒத்துவரவில்லையாம், கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டார். ஜட்லண்ட் கடற்சண்டையில் இந்தக் கப்பல் மேல் ஒரே ஒரு குண்டுதான் விழுந்தது, ஒருவரும் சாகவில்லை. அதே ரகத்தில் மூத்ததான ‘இன்டிஃபேட்டிகபிள்’ அன்று வெடித்துச் சிதறியதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நம்புகிறவர்கள் நம்பலாம்.

ஆனால் அந்தச் சுற்றுப்பயணம் முடிந்ததும் கப்பல் போனது ஹாங்காங்குக்கு இல்லை. வடகடலுக்கு. 1911 அக்டோபரில் கடற்படை அமைச்சராக வந்து உட்கார்ந்திருந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். அவருக்கு எதிரி ஜெர்மனி ஒன்றுதான், போர்க்களம் வடகடல் ஒன்றுதான். பசிபிக்கைக் காப்பாற்ற ஜப்பானோடு உடன்படிக்கை இருக்கிறதே, அது போதும் என்றார். நியூசிலாந்து அரசு, சரி, கப்பலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சம்மதித்தது. கிழக்கிந்தியக் கடலுக்கென்று பேசிய பேட்டில் குரூஸர் வரவே இல்லை. அதற்குப் பதில் சர்ச்சில் ஒரு புது யோசனை சொன்னார்: எல்லோருடைய கப்பல்களையும் ஜிப்ரால்டரில் நிறுத்தி வைப்போம், அங்கிருந்து எங்கே வேண்டுமானாலும் போகலாம். 1914 மார்ச்சில் நாடாளுமன்றத்திலேயே இந்தக் கொள்கையை வெளிப்படையாகப் பேசினார். ஆஸ்திரேலியாவின் பாதுகாப்பு அமைச்சர் மில்லன் கொதித்துப்போய் அறிக்கை விட்டார். 1909-ல் நீங்கள் கொடுத்த வாக்கை நம்பித்தானே நாங்கள் இவ்வளவு செலவு செய்தோம் என்பது அதன் சாரம். நியாயமான கேள்வி. பொதுக் கடற்படை முறிந்ததற்கு டொமினியன்களின் கஞ்சத்தனம்தான் காரணம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. யோசனை சொன்ன வீட்டிலேயே அது முதலில் செத்தது.

கனடாவின் கதை தனி நாடகம். பிரதமர் லோரியர் 1910-ல் கடற்படைச் சட்டம் கொண்டுவந்தார். சொந்தமாகப் பதினோரு கப்பல்கள், போர் வந்தால் நாடாளுமன்றம் சம்மதித்தால் பிரிட்டனுக்குத் துணை. ஆங்கிலேயக் கனடியர்கள், இது கடற்படையா தகர டப்பாவா என்று சிரித்தார்கள். கியூபெக்கின் பிரெஞ்சுக்காரர்கள், நாளைக்கு எங்கள் பிள்ளைகளை இங்கிலாந்தின் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போகத்தான் இது என்று எதிர்த்தார்கள். இரண்டு பக்கமும் அடி வாங்கிய லோரியர் 1911 தேர்தலில் விழுந்தார். அடுத்து வந்த போர்டன், கப்பல் கட்டுகிற வேலையை விட்டுவிட்டு, மூன்று ட்ரெட்நாட்களுக்கு மூன்றரைக் கோடி டாலர் பிரிட்டனுக்கே கொடுத்துவிடலாம் என்று 1912 டிசம்பரில் மசோதா கொண்டுவந்தார். மாதக்கணக்கில் விவாதம். ராத்திரி பகலாக எதிர்க்கட்சி பேசிக்கொண்டே இருந்ததால், கனடிய நாடாளுமன்றத்தில் முதல்முறையாக விவாதத்தை முடித்துவைக்கும் விதியைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. கீழவை தாண்டிய மசோதாவை 1913 மே மாதம் செனட் தள்ளுபடி செய்தது. அங்கே லோரியர் கட்சிக்குப் பெரும்பான்மை. கட்டவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

ஆக, 1914-ல் போர் தொடங்கியபோது கனடாவின் பசிபிக் கரை முழுவதற்கும் ‘ரெயின்போ’ என்ற ஒரே ஒரு பழைய குரூஸர். ஜெர்மனியின் ‘லைப்ஸிக்’ அந்தப் பக்கம் திரிவதாகச் செய்தி. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் முதல்வர் மெக்பிரைட் என்ன செய்தார் தெரியுமா? எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் சிலி நாட்டுக்காகக் கட்டி, பணத் தகராறில் நின்றுபோயிருந்த இரண்டு நீர்மூழ்கிகளை மாகாணக் கஜானாவிலிருந்து 11,50,000 டாலருக்குக் காசோலை எழுதி வாங்கிவிட்டார்! ஆகஸ்ட் 4 இரவு அவை விளக்கை அணைத்துக்கொண்டு, அமெரிக்க அதிகாரிகளுக்குச் சொல்லாமல் நழுவின. நடுக்கடலில் ஓர் இழுவைப் படகு காத்திருந்தது. கடற்படை அதிகாரி ஒருவர் ஏறி, உள்ளே வெளியே எல்லாம் பரிசோதித்துவிட்டுத்தான் காசோலையைக் கொடுத்தார். எஸ்க்விமால்ட் துறைமுகத்துக்கு அவை வந்தபோது, யாரோ எதிரி என்று கரைப் பீரங்கிகள் சுடாமல் விட்டது அதிர்ஷ்டம். மூன்று நாள் கழித்து மத்திய அரசு பொறுப்பேற்கும் வரை, ஒரு மாகாணம் தனியாகக் கடற்படை வைத்திருந்தது.

‘ரெயின்போ’வைப் பற்றி இன்னொன்று. போருக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு, 1914 ஜூலை 23 அன்று, வான்கூவர் துறைமுகத்திலிருந்து ‘கோமகத மாரு’ கப்பலைப் பீரங்கிகளோடு நின்று துரத்தி வெளியேற்றியது இதே ‘ரெயின்போ’தான். கோமகத மாருவில் வந்தவர்கள் 376 இந்தியர்கள், பெரும்பாலும் சீக்கியர்கள். அதே மன்னரின் பிரஜைகள். சாம்ராஜ்யத்தின் பொதுக் கடற்படை யாருடைய பொதுக் கடற்படை என்ற கேள்விக்கு அந்த ஒரு காட்சி போதும். 1909 மாநாட்டு மேசையில் இந்தியாவின் சார்பில் பேச இந்தியர் யாருக்கும் நாற்காலி போடவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். எல்லோரும் சொன்னபடி செய்திருந்தால்?

முதலில் சென்னை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் குரூஸர் ‘எம்டன்’ வந்து, ஏறத்தாழ 130 குண்டுகளைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு அரை மணி நேரத்தில் இருட்டில் மறைந்தது. துறைமுகத்தின் கலங்கரை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அப்போது இந்துமாக் கடலின் தலைமைக் கப்பல் ‘ஸ்விஃப்ட்ஷூர்’ என்ற பழைய போர்க்கப்பல். (இதுவும் சிலிக்காகக் கட்டியதுதான். அந்த நாடு ஆர்டர் கொடுத்த கப்பல்கள் எப்படியோ பிரிட்டிஷ் கொடிக்குக் கீழே வந்து சேர்ந்தன.) அதன் இடத்தில் ஒரு பேட்டில் குரூஸர் நின்றிருந்தால் எம்டன் சென்னையை எட்டிப் பார்த்திருக்காது என்று சிலர் நினைக்கலாம். நான் நினைக்கவில்லை. கேப்டன் முல்லர் நாலாவதாக ஒரு போலிப் புகைபோக்கியை நட்டு, பிரிட்டிஷ் கப்பல் ‘யார்மத்’ போல வேஷம் போட்டுக்கொண்டு திரிந்தவர். வங்காள விரிகுடா மாதிரி ஒரு பரப்பில் ஒற்றைக் கப்பலைத் தேடிப் பிடிக்கப் பெரிய பீரங்கி உதவாது, நிறையக் கண்கள் வேண்டும். ஆனால் திட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் மூன்று வேகக் குரூஸர்கள் இருந்தன அல்லவா? கொழும்பிலும் பினாங்கிலும் ரங்கூனிலும் அவை நின்றிருந்தால், இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை வேட்டையாடும் வரை எம்டனுக்கு ஆயுள் இருந்திருக்காது. சென்னை தப்பியிருக்குமா என்பது சந்தேகம். அக்டோபர் 28 அன்று எம்டன் புகுந்து தாக்கிய பினாங்கு தப்பியிருக்கும் என்று தைரியமாகச் சொல்லலாம்.

இதற்கு ஊகமே தேவையில்லை, சான்று இருக்கிறது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் எம்டனைப் பிடித்து நொறுக்கியது எது? ஆஸ்திரேலியப் படையினரை ஏற்றிச் சென்ற கப்பல் கூட்டத்துக்குக் காவலாக வந்த ‘சிட்னி’. தீவின் தந்தி நிலையம் அபயச் செய்தி அனுப்பியதும் காவல் அணியிலிருந்து பிரிந்து போய், எம்டனைவிடப் பெரிய பீரங்கிகளால் அடித்துக் கரையேற்றிவிட்டது. அந்த முழுத் திட்டத்தில் உருப்படியாகக் கட்டி முடித்த ஓர் அணியின் ஒரு குரூஸர் செய்த வேலை இது.

அடுத்தது கொரோனெல். நவம்பர் 1 அன்று சிலிக் கரைக்கு அப்பால் அட்மிரல் ஷ்பேயின் ஜெர்மன் அணி, பிரிட்டனின் ‘குட் ஹோப்’, ‘மான்மத்’ இரண்டையும் மூழ்கடித்தது. ஏறத்தாழ 1,600 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. அதில் நான்கு பேர் ஹாலிஃபாக்ஸ் கடற்படைக் கல்லூரியின் முதல் தொகுதியில் படித்த கனடிய இளைஞர்கள். கனடியக் கடற்படையின் முதல் போர்ச்சாவு அவர்களுடையது. ஷ்பே பசிபிக்கின் மேற்குப் பக்கத்தை விட்டு ஓடியதற்கு ஒரு முக்கியக் காரணம் ‘ஆஸ்திரேலியா’ என்ற அந்த ஒற்றைக் கப்பல். தன் அணி முழுவதையும்விட அது பலசாலி என்று அவருக்குத் தெரியும். எஸ்க்விமால்ட்டிலும் அப்படி ஒன்று நின்றிருந்தால் அவர் கிழக்குப் பக்கமும் போயிருக்க முடியாது. என் கணக்கில், நிச்சயமாக மாறியிருக்கும் சம்பவம் இதுதான்.

மூன்றாவதுதான் பெரியது. கையில் கப்பல் போதாததால், 1914 ஆகஸ்ட் 7 அன்று பிரிட்டன் ஜப்பானிடம் உதவி கேட்டது. ஜப்பான் உற்சாகமாக வந்தது. அக்டோபருக்குள் மரியானா, கரோலின், மார்ஷல் தீவுகள் அதன் கைக்குப் போயின. பிறகு திருப்பிக் கொடுக்கவே இல்லை. முப்பது வருடம் கழித்து அமெரிக்கா ரத்தம் சிந்திப் பிடிக்க வேண்டியிருந்த குவாஜலின், சைபான் எல்லாம் அந்தப் பட்டியலில்தான் வருகின்றன. மூன்று பேட்டில் குரூஸர்கள் பசிபிக்கில் இருந்திருந்தால் பிரிட்டனுக்கு அந்தத் தந்தியை அனுப்ப வேண்டிய அவசரம் இருந்திருக்காது. ஆனால் அழைக்காவிட்டாலும் ஜப்பான் வந்திருக்கும் என்று சொல்கிறவர்களை மறுப்பதும் கடினம். அதனால் இதைப் பாதி மனதோடுதான் ஒப்புக்கொள்கிறேன்.

பணம் கொடுத்தவர்களில் வாயே திறக்க முடியாத ஒருவரைச் சொல்லாமல் விடக்கூடாது. மலாய்க் கூட்டாட்சி சுல்தான்களின் பெயரில், ஏறத்தாழ 30 லட்சம் பவுண்டில் ‘மலாயா’ என்ற பெரும் போர்க்கப்பல் 1916-ல் கடலுக்கு வந்தது. அந்த அரசாங்கத்தின் வருமானம் ஈயத்திலிருந்தும் ரப்பரிலிருந்தும் வந்தது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகள். ஜட்லண்டில் அந்தக் கப்பல் கூட்டாட்சியின் வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்புக் கொடியைப் பறக்கவிட்டுச் சண்டை போட்டது. அடுத்த போரில் 1941 டிசம்பரில் ஜப்பான் மலாயாவில் இறங்கியபோது, ‘மலாயா’ இருந்தது ஐரோப்பியப் பக்கத்துக் கடலில். குவாந்தானுக்கு அப்பால் மூழ்கியவை ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்ற வேறு இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள்.

நடுவில் 1919-ல் அட்மிரல் ஜெல்லிகோ இதே ‘நியூசிலாந்து’ கப்பலில் ஏறி சாம்ராஜ்யத்தைச் சுற்றி வந்து, சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட கூட்டுக் கடற்படை ஒன்றைப் பரிந்துரைத்தார். எட்டுப் போர்க்கப்பல், எட்டுப் பேட்டில் குரூஸர். செலவில் பிரிட்டன் நூற்றுக்கு 75 பங்கு, ஆஸ்திரேலியா 20, நியூசிலாந்து 5. யாரிடமும் காசில்லை. 1922-ல் வாஷிங்டன் ஒப்பந்தம் வந்து, இருந்த கப்பல்களையே குறைக்கச் சொன்னது. ‘நியூசிலாந்து’ பழைய இரும்புக்குப் போனது. ‘ஆஸ்திரேலியா’வை 1924 ஏப்ரல் 12 அன்று சிட்னிக்கு வெளியே கொண்டுபோய் அவர்களே மூழ்கடித்தார்கள்.

கடைசியில் அந்தப் பொதுக் கடற்படை உருவாகத்தான் செய்தது, முப்பத்தைந்து வருடம் தாமதமாக. 1944 நவம்பரில் அமைத்த பிரிட்டிஷ் பசிபிக் கடற்படை 1945 ஜனவரியில் திருகோணமலையிலிருந்து புறப்பட்டு, வழியில் சுமத்ராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலைகளைத் தாக்கிவிட்டு சிட்னிக்குப் போனது. பிரிட்டிஷ் விமானந்தாங்கிகளோடு ஆஸ்திரேலிய டெஸ்ட்ராயர்களும் நியூசிலாந்துக் குரூஸர்களும் கனடாவின் ‘உகாண்டா’வும் அதில் சேர்ந்திருந்தன. உத்தரவு மட்டும் லண்டனிலிருந்தும் வரவில்லை, கான்பெராவிலிருந்தும் வரவில்லை. ஒகினாவாப் போரில் அவர்கள் கட்டுப்பட்டது அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸுக்கு.

அதிலும் கனடா பழைய குணத்தைக் காட்டியது. ஜப்பானோடு சண்டைக்கு விருப்பம் தெரிவிக்கிறவர்கள் மட்டுமே போகலாம் என்று பிரதமர் மெக்கன்சி கிங் அறிவித்துவிட்டார். போர்முனையில் நின்றுகொண்டிருந்த ‘உகாண்டா’வின் மாலுமிகளிடமே 1945 மே மாதம் வாக்கெடுப்பு. 907 பேரில் 605 பேர் முடியாது என்றார்கள். ஜூலை 27 அன்று கப்பல் அணியிலிருந்து விலகி ஊருக்குக் கிளம்பியது. போர்க்களத்திலிருந்து ஓட்டுப் போட்டு வீட்டுக்குப் போன கப்பல் என்று இன்றும் கேலி உண்டு. ஆனால் 1909-லிருந்து ஒருவரும் கேட்காத கேள்வியை, கப்பலில் வேலை செய்கிறவர்களிடம் அன்றுதான் கேட்டார்கள்.

அதே பசிபிக் கடற்படையில் இருந்த ‘அக்கிலீஸ்’ என்ற நியூசிலாந்துக் குரூஸர் 1948-ல் இந்தியாவுக்கு வந்து ‘டெல்லி’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. பிறகு ஒரு சினிமாவில் ‘அக்கிலீஸ்’ வேடத்தில் நடித்ததும் அதே கப்பல்தான். அந்தக் கதை அடுத்த வாரம்.